பழைய பந்தய சைக்கிளை ஒற்றைக் கியருக்கு மாற்றுதல்

பழைய சாலைப் பந்தய சைக்கிளிலிருந்து கியர் மாற்றும் கருவிகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு பல்சக்கரமும் பின்னால் ஒரு பல்சக்கரமும் மட்டும் வைத்து ஓட்டும்படி அமைப்பதை ஒற்றைக் கியர் மாற்றம் என்பர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டி இது பரவலாயிற்று. பெரும்பாலும் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் விற்பனையான, பத்து அல்லது பன்னிரண்டு கியர்கள் கொண்ட எஃகு சைக்கிள்களே இவ்வாறு மாற்றப்பட்டன.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். பால்காரரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டிய சைக்கிளில் கியர் இருந்ததில்லை. 1949இல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்துவந்த டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோவும் நெடுங்காலம் ஒற்றைக் கியர் வண்டிகளாகவே விற்றன. இல்லாததைக் கழற்ற வேண்டிய தேவை இங்கு எழவில்லை. காசு கொடுத்துக் கியர் வாங்கி, பிறகு அதைக் கழற்றிப் போட்டவர்களின் கதைதான் இது.

எல்லாப் பழைய வண்டியும் இப்படி மாற்ற இடம் கொடுக்காது. இடம் கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவைப் பொறுத்தது. அந்தப் பிளவு படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் மாற்றம் எளிது. நிமிர்ந்து நின்றால் கடினம். ஏன் சில பிரேம்களில் அது நீண்டும் சிலவற்றில் நிமிர்ந்தும் இருக்கிறது என்பதற்கு நூறாண்டு வரலாறு உண்டு.

சங்கிலியோடு வந்த பிளவு

1870களில் ஓடிய உயரச் சக்கர வண்டியில் சங்கிலி கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறை சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் ஒரே வழி. சக்கரத்தின் அளவுக்கோ ஓட்டுபவரின் கால் நீளம் எல்லை.

1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டி இந்த எல்லையை உடைத்தது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பெடலின் சுழற்சியைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டு சென்றது. சக்கரத்தின் அளவு செய்த வேலையைப் பற்களின் எண்ணிக்கை செய்யத் தொடங்கியது. ஆங்கிலேயச் சைக்கிள்காரர்கள் இன்றும் கியரை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். முன்னால் 42 பற்கள், பின்னால் 16 பற்கள், சக்கரம் 27 அங்குலம் என்றால் கியர் ஏறத்தாழ 71 அங்குலம். 71 அங்குலம் விட்டமுள்ள உயரச் சக்கரத்தில் ஏறி ஓட்டுவதற்கு அது சமம் என்பது பொருள். மறைந்துபோன வண்டியின் அளவுகோல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

சங்கிலி ஒரு தொல்லையையும் கூடவே கொண்டுவந்தது. ஓட ஓட அதன் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்து சங்கிலி நீளும், தொய்யும், கழலும். அதனால் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்க வசதி வேண்டியிருந்தது. பிரேமின் பின்முனையில் அச்சுக்கு ஒரு துளை போதாது, நீண்ட பிளவு வேண்டும் என்றாயிற்று. சைக்கிள் கடையில் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து மறுபடி முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் தெரியும்.

தொடக்கத்தில் பின் பல்சக்கரம் ஹப்பிலேயே இறுக்கமாக இருந்தது. வண்டி ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று பிக்சட் கியர் எனப்படுவது இதுதான். காலை ஓய்வாக வைத்திருக்கவிடும் ஃப்ரீவீல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் பரவியது. ஒற்றைக் கியர் என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஃப்ரீவீல் உள்ள ஒற்றைக் கியரும், பிக்சட் கியரும் ஓட்டுவதற்கு முற்றிலும் வேறானவை. இந்த வேறுபாட்டை மறந்து எழுதும் கட்டுரைகளால் ஓட்டுபவர்களுக்குத் தீங்கு நேரக்கூடும்.

தடை செய்யப்பட்ட கியர்

1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் தொடங்கியது. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். வென்றவர் மோரிஸ் காரன். பந்தயத்தை நடத்திய நாளிதழ் ஆசிரியர் ஆன்றி டெக்ரான்ஜ் கண்டிப்பானவர். பந்தயம் தசைக்கும் மனத்துக்கும் வைக்கும் சோதனை, இயந்திரத்துக்கு அல்ல என்பது அவர் கருத்து. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் டிரெய்லியர் என்னும் கியர் மாற்றிக்கு அவர் பந்தயத்தில் இடம் தரவில்லை.

கருவி இல்லாததால் விதிக்கப்பட்ட தடை அன்று இது. பிரான்சின் செயின்ட் எத்தியன் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிவந்த பால் டி விவி, பல கியர் வண்டிகளை ஓட்டியும் அவற்றுக்காக வாதாடியும் வந்தார். நாட்டிங்ஹாமில் 1902இலேயே ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப் தயாராகிவிட்டது. மலைப்பாதையில் உல்லாசமாகச் சுற்றிவந்த நடுத்தர வயதுக்காரர்களிடம் கியர் இருந்தது. உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்களிடம் இல்லை.

1910இல் பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்தது. அவற்றுள் டூர்மலே கணவாய் 2,115 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதை கரடுமுரடான மண் பாதை. அந்த ஆண்டு பட்டம் வென்ற ஆக்டேவ் லாபிசே கூட இடையிடையே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

வீரர்கள் கண்ட மாற்று வழி எளியது. பின்சக்கர ஹப்பின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பற்கள் கொண்ட பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, இறக்கை போன்ற நட்டுகளை விரலால் திருகிக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, சங்கிலியை இறுக்கி மீண்டும் ஏறுவார்கள். உச்சியில் மறுபடியும் அதே வேலை. பெரிய பல்சக்கரத்துக்கு அச்சு முன்னே வரவேண்டும், சிறியதற்குப் பின்னே போகவேண்டும். நீண்ட பிளவு இல்லாமல் இது நடக்காது.

இத்தாலியின் டூலியோ கம்பனோலோவைப் பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது. 1927 நவம்பரில் பனி கொட்டிய குரோச்சே தாவுனே கணவாயில், விறைத்த விரல்களால் அந்த நட்டுகளைத் திருக முடியாமல் அவர் பந்தயத்தைக் கோட்டைவிட்டாராம். அதன் பிறகே நெம்புகோலைத் திருப்பியதும் சக்கரம் விடுபடும் அமைப்பை உருவாக்கினார் என்பர். கதையில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். அவர் பெயரில் 1933இல் விசென்சாவில் எழுந்த நிறுவனம் பந்தய சைக்கிளின் போக்கையே மாற்றியது என்பதில் வாதம் இல்லை.

1936இல் உடல்நலம் குன்றி டெக்ரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டே கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது. 1937இல் அதைப் பயன்படுத்தி ரோஜர் லாபெபி வென்றார். பந்தயம் தொடங்கி 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

போகாமல் நின்ற பிளவு

கியர் மாற்றி வந்தவுடன் நீண்ட பிளவுக்கு வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. கம்பனோலோவின் காம்பியோ கோர்சா என்ற கருவியில், ஓட்டுபவர் ஓடும் வண்டியிலேயே கையைப் பின்னால் நீட்டி, ஒரு நெம்புகோலால் பின்சக்கரத்தைத் தளர்த்தி, மற்றொன்றால் சங்கிலியைத் தள்ளி, சக்கரம் பிளவுக்குள் நகர்ந்து சங்கிலியைத் தானே இறுக்கியதும் மீண்டும் பூட்டவேண்டும். மலையிலிருந்து இறங்கும் வேகத்தில் பின்சக்கரத்தைத் தளர்த்துவது என்றால் எத்தகைய துணிவு வேண்டும்! ஜினோ பர்தாலி 1948 டூர் பந்தயத்தை இதை வைத்தே வென்றார்.

1950ஐ ஒட்டி வந்த கிரான் ஸ்போர்ட் கருவி இந்தச் சர்க்கசுக்கு முடிவு கட்டியது. சுருள்வில் பொருத்திய கை ஒன்று சங்கிலியின் தொய்வைத் தானே இழுத்துக்கொள்ளும். சக்கரம் அசையவேண்டியதில்லை. இருந்தும் பிரேம் செய்பவர்கள் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீண்ட பிளவையே வைத்தார்கள். பழக்கம் ஒரு காரணம். கையால் பற்றவைத்த பிரேமில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரத்தை நேராக வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பிரிட்டனில் இன்னொரு காரணமும் இருந்தது. அங்கிருந்த சைக்கிள் கழகத்தார் பலர் குளிர்காலத்தில் கியர்களைக் கழற்றிவிட்டு பிக்சட் கியரில் பயிற்சி செய்வார்கள். மழையிலும் சேற்றிலும் விலை உயர்ந்த கருவி பாழாகாது, கால் சீராகச் சுற்றப் பழகும். ஒற்றைக் கியர் மாற்றம் ஏதோ புதிய நாகரிகம் என்று நினைப்பவர்கள் இந்தக் கழகத்தாரை அறியாதவர்கள்.

பிளவுக்கு உண்மையான முடிவு 1980களின் நடுவில் வந்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், நெம்புகோலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் சங்கிலி சரியாக அடுத்த பல்சக்கரத்தில் விழும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்குச் சக்கரம் ஒவ்வொரு முறையும் இம்மியும் பிசகாமல் அதே இடத்தில் உட்காரவேண்டும். நிமிர்ந்த பிளவே அதற்கு ஏற்றது. 1990களில் புதிய சாலைப் பந்தய வண்டிகளில் படுக்கைவாட்டுப் பிளவு அரிதாகிவிட்டது.

கொட்டகையில் கிடந்த வண்டிகள்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் விற்பனை திடீரென்று பெருகியது. 1973இல் மட்டும் ஏறத்தாழ 1.5 கோடி சைக்கிள்கள் விற்றன. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்ததைப் பெரியவர்கள் வாங்கினார்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து எனப் பத்து கியர் கொண்ட, வளைந்த கைப்பிடி வண்டிதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. ஷ்வின், ராலே, பிரான்சின் பெஜோ என்று பல நிறுவனங்களின் வண்டிகள் போயின. விற்பனை இரண்டு ஆண்டுகளில் சரிந்தது. வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் கார் கொட்டகையில் மாட்டிவைத்தார்கள். துரு ஏறிய கம்பியும் இறுகிப்போன நெம்புகோலும் கொண்டு, ஆனால் பிரேம் நன்றாக இருந்தபடி, அவை இருபது முப்பது ஆண்டுகள் தூங்கின.

அவற்றை எழுப்பியதில் நியூயார்க் தெருக்களுக்குப் பங்கு உண்டு. 1980களில் அங்கே அலுவலகங்களுக்கு இடையே கடிதங்களையும் ஆவணங்களையும் சைக்கிளில் கொண்டுசெல்லும் தூதர்கள் ஏராளம். அவர்களில் சிலர் உள்ளரங்கப் பந்தய மைதானத்துக்கான பிக்சட் கியர் வண்டிகளை ஓட்டினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் அது என்பர். உடைய அதிகம் இல்லை, திருட்டுப்போகப் பாகங்களும் குறைவு. தூதராக வேலை செய்த நெல்சன் வெயில்ஸ் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் விரைவோட்டச் சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

மைதான வண்டி விலை அதிகம். அதைப் பார்த்து ஆசைப்பட்ட இளைஞர்களின் கைக்கு எட்டியவை கொட்டகையில் கிடந்த பத்து கியர் வண்டிகளே. எப்படி மாற்றுவது என்பதை எளிய நடையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன். 1944இல் பிறந்து 2008இல் மறைந்த அவர், நட்டின் புரியிலிருந்து சங்கிலியின் அகலம் வரை எழுதிவைத்த இணையக் குறிப்புகளைச் சைக்கிள்காரர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

மாற்றும் முறை

கழற்றும் வேலை ஒரு பிற்பகலில் முடியும். கியர் மாற்றிகள், நெம்புகோல்கள், அவற்றின் கம்பிகள், பின்னாலுள்ள ஐந்தடுக்குப் பல்சக்கரம் ஆகியவை வெளியே வரும். பொருத்துவதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் சங்கிலியின் நேர்கோடு. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பல கியர் வண்டியில் சங்கிலி கோணலாக ஓடினாலும் கியர் மாற்றி தாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கியரில் கோணல் இருந்தால் சத்தம் வரும், பற்கள் தேயும், சில வேளை சங்கிலி கழலும். பழைய ஹப்பின் புரியில் ஒற்றை ஃப்ரீவீலைத் திருகலாம், புரி ஒன்றுதான். ஆனால் அது ஐந்தடுக்கைப்போல் அகலமில்லாததால் நேர்கோடு தப்பும். அச்சின் ஒரு பக்கத்து வளையங்களை மறுபக்கத்துக்கு மாற்றி, ரிம் நடுவுக்கு வரும்வரை போக்ஸ் கம்பிகளைத் தளர்த்தியும் முறுக்கியும் சரிசெய்ய வேண்டும். முன்னால் இருக்கும் 52, 42 பற்களில் சிறியதை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது பழைய போல்ட்டுகள் நீளமாகிவிடும், குட்டையானவை வாங்கவேண்டும்.

ஐந்தடுக்கு வண்டிகளில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர். இன்றைய மைதான ஹப்பின் அகலமும் அதுவே. நல்வாய்ப்பாக அமைந்த இந்தப் பொருத்தத்தால், மைதானச் சக்கரத்தை அப்படியே வாங்கி மாட்டமுடிகிறது. ஆறு, ஏழு அடுக்கு வண்டிகளில் இடைவெளி 126 மில்லிமீட்டர். வளையம் சேர்த்து நிரப்பலாம். எஃகு பிரேம் சிறிது வளைந்து கொடுக்கும் என்பதும் உதவும். அலுமினியத்தை வளைக்கக் கூடாது.

பிறகு சங்கிலியின் இறுக்கம். சங்கிலியை ஒரு அங்குல அளவில்தான் குறைக்கவோ கூட்டவோ முடியும். மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஓடுவதால், ஒரு அங்குலம் குறைந்தால் அச்சு அரை அங்குலம் முன்னே வரவேண்டும். நீண்ட பிளவு அதற்குத் தாராளமாக இடம் தரும். நிமிர்ந்த பிளவில் அச்சு அசையாது. அங்கே சுருள்வில் பொருத்திய ஒரு சிறு கை வேண்டியிருக்கும், கழற்றிப்போட்ட கியர் மாற்றியின் வேலையையே அது செய்யும். பிக்சட் கியருக்கு அதுவும் உதவாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் அந்தக் கை இழுபட்டுப்போகும்.

நாட்டுக்கு நாடு மாறும் புரி மற்றொரு தலைவலி. பழைய பெஜோவில் பெடல் அச்சு உட்காரும் குழாயின் பிரெஞ்சுப் புரியும், ராலேயின் தனிப் புரியும் பொதுவான பாகங்களை ஏற்காது. பழைய 27 அங்குல ரிம்முக்குப் பதில் இன்றைய 700 சி ரிம் போட்டால் அதன் விளிம்பு 4 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். பிரேக் கட்டை அந்த அளவு கீழே இறங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

பிரேக் பற்றிய வழக்கு

மைதானத்தில் எல்லாரும் ஒரே திசையில் ஓடுவார்கள், எவரும் திடீரென நிறுத்தமாட்டார்கள். அதனால் அங்கே வண்டிகளில் பிரேக் இல்லை. அதைப் பார்த்துத் தெருவிலும் பிரேக்கைக் கழற்றியவர்கள் உண்டு. பிக்சட் கியரில் காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாயும், பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். முன் பிரேக் நிறுத்தும் தொலைவில் அது நிற்காது.

பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சைக்கிளில் தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும். பிக்சட் கியர் என்றாலும் முன் பிரேக் கட்டாயம். 2016 பிப்ரவரியில் லண்டனில், முன் பிரேக் இல்லாத மைதான வண்டியில் வந்த இளைஞர் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். 2017இல் அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. சைக்கிள் ஓட்டி மரணம் விளைவித்ததற்கெனத் தனிச் சட்டப் பிரிவு அப்போது இல்லாததால், 1861ஆம் ஆண்டின் சட்டப்படி, குதிரை வண்டிக் காலத்துக் குற்றமான வெறித்தனமான ஓட்டத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார்.

பிரேக்கோடு சேர்ந்த மற்றொரு ஆபத்து வீட்டிலேயே செய்யப்படுவது. மைதான ஹப்பில் பல்சக்கரத்துக்கு மேல் எதிர்ப்புரி கொண்ட பூட்டு வளையம் ஒன்று உண்டு. பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலாமல் அது பிடித்துக்கொள்ளும். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் எதிர்ப்புரி கிடையாது. அதில் பிக்சட் பல்சக்கரத்தைத் திருகிப் பசை போட்டு ஓட்டியவர்கள், நிறுத்த முயன்ற கணத்தில் பல்சக்கரம் கழன்று கால் வெறுமனே சுற்றுவதைக் கண்டார்கள். மெக்கானிக்குகள் அதைத் தற்கொலை ஹப் என்றே அழைத்தார்கள். இரண்டு பிரேக்கையும் வைத்துக்கொண்டு ஃப்ரீவீல் போடுவதே புதியவருக்குத் தக்கது.

ரம்பமும் பெட்டியும்

மாற்றம் பரவியபோது பழைய பிரேம்களுக்குச் சேதமும் வந்தது. கியர் மாற்றி தொங்கும் காது போன்ற பகுதி பின் பிளவோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். இனி எதற்கு என்று அதை ரம்பத்தால் அறுத்தவர்கள் பலர். கம்பி செல்லும் சிறு வளையங்களையும் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, பிரேமை ஒரே நிறத்தில் பூசினார்கள். கையால் செய்த நல்ல இத்தாலிய பிரேம்களும் இந்த ரம்பத்துக்குத் தப்பவில்லை. அழகுக்காகச் செய்த இந்த வேலையால் வண்டி வேகமாகவில்லை, எடையும் சில கிராம்களே குறைந்தது.

1997இல் இத்தாலியின் டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற ஊரில் லெரோயிகா என்ற சவாரி தொடங்கியது. 1987க்கு முன் செய்த பந்தய வண்டிகளுக்கே அதில் இடம். கியர் நெம்புகோல் பிரேமின் சாய்வான கீழ்க்குழாயில் இருக்கவேண்டும். பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே வளைந்து போகவேண்டும். மண் பாதையில் பழைய வண்டி ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பெருகப் பெருக, குப்பையாக விற்ற கிரான் ஸ்போர்ட் கியர் மாற்றிகளைச் சேகரிப்பவர்கள் தேடத் தொடங்கினார்கள். கழற்றிய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டுவைத்தவர்கள் அவற்றை எடுத்து மீண்டும் பொருத்திக்கொண்டார்கள். காதை அறுத்தவர்களின் பிரேமில் அவற்றைத் தொங்கவிட இடம் இல்லை. புதிய காதைப் பற்றவைக்கும் கூலி, பல வேளைகளில், அந்த வண்டியின் விலையைவிட அதிகமாக இருந்தது.